கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கலாமா?

டில்லி, மும்பை, பெங்களூர் முதலிய பெருநகரங்களில் வாழும் நம்மவர்கள் அண்மைக் காலமாகச் சில கடைகளின் வாயிலில் ஒரு புதிய அறிவிப்பைக் காண்கிறார்கள். "ரொக்கம் பெற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்பதே அது. கைப்பேசியை நீட்டினால் காப்பி கிடைக்கும். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கிடைக்காது. கையோடு கைப்பேசியும் வங்கிக் கணக்கும் உள்ள இளைஞருக்கு இது ஒரு சிரமமாகவே தோன்றுவதில்லை. ஆனால் மகன் வீட்டில் சில மாதம் தங்கிப் போகலாம் என்று திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் தாயாருக்கும், கட்டட வேலைக்கு விழுப்புரத்திலிருந்து வந்து வாரக் கூலியை நோட்டாகவே வாங்கிக்கொள்ளும் தொழிலாளிக்கும் நிலைமை வேறு. மொழி பழகாத ஊரில் அவர்களுக்காகப் பேசக்கூடியது கையிலிருக்கும் பணம் ஒன்றே. அதுவும் செல்லாது என்றால் அவர்கள் யாரிடம் முறையிடுவது?

இவ்வாறு மறுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டா? நமது சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? பிற நாடுகளில் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்? இம்மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில், "சட்டப்படி செல்லத்தக்க பணம்" என்னும் சொற்றொடரின் பொருளைத் தெளிந்துகொள்ள வேண்டும். நமது நாட்டில் நோட்டுகளை வெளியிடும் உரிமை ரிசர்வ் வங்கிக்கு உரியது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 26ஆம் பிரிவு, ஒவ்வொரு வங்கி நோட்டும் அதில் குறிக்கப்பட்ட தொகைக்கு இந்தியாவின் எவ்விடத்திலும் சட்டப்படி செல்லத்தக்கது என்றும், அதற்கு மத்திய அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கிறது என்றும் கூறுகிறது. "எவ்விடத்திலும்" என்ற சொல் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு முக்கியமானது. நோட்டின் பின்புறத்தைப் பார்த்தால், பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டிருப்பதையும், அவற்றுள் தமிழும் இடம்பெற்றிருப்பதையும் காணலாம். சென்னையில் செல்லும் நோட்டு சிம்லாவிலும் செல்லும் என்பதற்கு அந்தச் சிறிய எழுத்துக்களே சாட்சி.

காசுகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசுகள் செல்லும் அளவுக்கு ஓர் எல்லை விதிக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உடைய காசுகளை 1,000 ரூபாய் வரையில் கொடுக்கலாம். ஐம்பது காசு நாணயமானால் 10 ரூபாய் வரையில்தான். இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் 30ஆம் தேதி முதல் செல்லாதவை ஆயின. ஆகவே ஒருவர் 20,000 ரூபாய்க் கடனை அடைக்க ஒரு மூட்டை ஒரு ரூபாய்க் காசுகளைக் கொண்டுவந்து கொட்டினால், பெறுபவர் முழுவதையும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். இது பெறுபவரின் சௌகரியத்தைக் கருதி வைத்த விதி.

நோட்டு எந்நாளும் செல்லும் என்பதும் இல்லை. முற்கூறிய 26ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைத்தால், ஒரு வரிசை நோட்டுகள் இனிச் செல்லா என்று அரசாங்கம் அறிவிக்க இடமளிக்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமற்போனது இந்த அதிகாரத்தினால்தான். 2023 மே 19ஆம் தேதி 2,000 ரூபாய் நோட்டைப் பற்றி வந்த அறிவிப்போ வேறு வகையானது. நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி கூறியதேயன்றி, அது செல்லாது என்று கூறவில்லை. தொடர்ந்து செல்லும் என்றே அவ்வறிவிப்பில் எழுதியிருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் பலர் அன்று கலங்கினார்கள்.

சட்டப்படி நோட்டு எவ்விடத்திலும் செல்லும் என்றால், கடைக்காரர் எப்படி மறுக்கலாம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். இங்கேதான் சட்ட நூலோர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். செல்லத்தக்க பணம் என்பது ஏற்கெனவே உள்ள கடனைத் தீர்க்கும் கருவி. கடன் என்பது முன்னமே பிறந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிடுகிறார். பிறகு பில் வருகிறது. அப்போது அவர் ஓட்டல்காரருக்குக் கடன்பட்டவர். அவர் உரிய தொகையைச் செல்லத்தக்க நோட்டாக நீட்டினால், அது முறைப்படி கடனைத் தீர்க்க முன்வந்ததாகும். முன்கூட்டி வேறு நிபந்தனை எதுவும் சொல்லாத ஓட்டல்காரர், "கைப்பேசியில் அனுப்பினால்தான் ஆயிற்று" என்று அப்போது பிடிவாதம் செய்ய நியாயம் இல்லை. உரிய காலத்தில், உரிய இடத்தில், நிபந்தனையின்றித் தர முன்வந்ததை மறுத்தவர், தராததற்காக மற்றவர்மேல் குற்றம் சொல்ல முடியாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அடங்கிய கொள்கை.

இனி வேறொரு காட்சி. ஒருவர் கடைக்குள் சென்று அலமாரியிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து, பணம் செலுத்தும் இடத்துக்கு வருகிறார். இன்னும் வியாபாரம் முடியவில்லை. பொருளை அடுக்கி விலை எழுதி வைப்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. அது விற்பனை ஆகாது. கடனும் பிறக்கவில்லை. ஆதலின் "எங்கள் கடையில் ரொக்கம் வாங்குவதில்லை" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் வியாபாரி, இன்ன நிபந்தனையின் பேரில்தான் விற்பேன் என்று கூறுகிறார். வாங்குபவர் விரும்பினால் ஏற்கலாம், இல்லையேல் விலகலாம் என்பது ஒப்பந்தச் சுதந்திரத்தின் வழி வந்த வாதம்.

இவ்வாதம் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் எந்தவிதப் பணத்தை ஏற்பது என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கலாம் என்று அந்நாட்டு மத்திய வங்கியே விளக்கம் தருகிறது. ஸ்காத்லாந்தில் எந்த வங்கி நோட்டுக்கும் செல்லத்தக்க பணம் என்னும் சட்டத் தகுதி இல்லை என்பது வியப்பான செய்தி. ஆயினும் அங்கே மக்கள் நாள்தோறும் நோட்டுகளைக் கொடுத்தும் வாங்கியும் வருகிறார்கள். நம்பிக்கையே அங்கு பணத்தை நடத்துகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும், தனியார் வியாபாரி ரொக்கத்தை ஏற்றே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை என்று அந்நாட்டு மத்திய வங்கி கூறியிருக்கிறது.

இவ்வாறு பொதுச் சட்டம் விட்டுவைத்த இடைவெளியை நிரப்பவே தனிச் சட்டங்கள் தோன்றின. அவற்றுள் மூத்தது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம். கடன் அட்டைகள் பரவத் தொடங்கிய காலத்தில், 1978ஆம் ஆண்டில், சில்லறை வியாபாரி எவரும் ரொக்கம் கொடுப்பவரிடம் பாரபட்சம் காட்டலாகாது என்று அம்மாநிலம் விதித்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் வரை இப்பொருளில் பெரிய கிளர்ச்சி எழவில்லை. காசாளரே இல்லாத கடைகளும், அட்டை மட்டுமே வாங்கும் உணவகங்களும் பெருகிய பிறகே பிற ஊர்கள் விழித்துக்கொண்டன. 2019ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரமும், நியூ ஜெர்சி, ரோட் தீவு ஆகிய மாநிலங்களும், சான் பிரான்சிஸ்கோ நகரமும் அடுத்தடுத்துச் சட்டம் செய்தன. நியூயார்க் நகர மன்றம் 2020 ஜனவரியில் இயற்றிய சட்டம் அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதல் தவறுக்கு 1,000 டாலர் வரையிலும், பிந்திய தவறுகளுக்கு 1,500 டாலர் வரையிலும் அபராதம். ரொக்கம் கொடுப்பவரிடம் கூடுதல் விலை கேட்பதையும் அது தடுக்கிறது.

இச்சட்டங்களை இயற்றியோர் வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளையும், அண்மையில் குடியேறியவர்களையும், முதியோரையும் மனத்திற்கொண்டே இயற்றினார்கள். கையில் நேர்மையாக ஈட்டிய பணம் இருந்தும், ஒரு ரொட்டித் துண்டு வாங்க முடியாமல் ஒருவர் திரும்பிப் போவது நாகரிகச் சமூகத்துக்கு அழகன்று என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

அதே சமயம் வியாபாரிகளின் சிரமத்தையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. நியூயார்க்கில் 20 டாலருக்கு மேற்பட்ட நோட்டை மறுக்கலாம். ரொக்கத்தைப் போட்டால் கட்டணமின்றி அட்டை தரும் இயந்திரத்தைக் கடையில் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. நியூ ஜெர்சியில் வண்டி நிறுத்துமிடங்களுக்கும் வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் விலக்கு அளித்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதுபோன்ற ஏற்பாடுகள் உண்டு. டென்மார்க்கில் கடைகள் ரொக்கத்தை ஏற்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கொள்ளைக்கு அஞ்சி, 2018 முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் மறுக்க அனுமதி உண்டு. நார்வேயில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கடைகளில் 20,000 குரோனர் வரையில் ரொக்கம் செலுத்தும் உரிமையை வாங்குவோருக்கு உறுதி செய்கிறது. இதற்கு மாறாக, அண்டை நாடாகிய சுவீடனில் ஒப்பந்தச் சுதந்திரமே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. அதனால் ரொக்கம் வாங்காத கடைகள் அங்கே மலிந்தன. கைப்பேசிவழிப் பணத்தில் உலகுக்கே முன்னோடியாகிய சீனாவில்கூட, ரொக்கத்தை மறுக்கும் வழக்கம் பெருகியதைக் கண்டு, அந்நாட்டு மத்திய வங்கி 2018இல் அதனைத் தடுத்து அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

வானொலி நேயர்களுக்கு ஒரு ஜெர்மானிய வழக்கு சுவையாக இருக்கும். அங்கே வானொலி, தொலைக்காட்சிச் சேவைக்காக வீட்டுக்கு வீடு கட்டணம் வசூலிக்கிறார்கள். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தியது முதியோர் நினைவில் இருக்கும். ஹெஸ்ஸன் பகுதியில் இரண்டு பேர் அக்கட்டணத்தை ரொக்கமாகத் தர முன்வந்தனர்; ஒலிபரப்பு நிறுவனம் வங்கி மூலம்தான் செலுத்த வேண்டும் என்று மறுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் சென்றது. 2021 ஜனவரி 26ஆம் தேதி அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரு பக்கமும் சீர்தூக்கியது. செல்லத்தக்க நோட்டைப் பொதுவாக ஏற்றே ஆகவேண்டும். ஆனால் கோடிக்கணக்கானோரிடம் ரொக்கம் வசூலிப்பதால் அளவுக்கு மிஞ்சிய செலவு ஏற்படுவது போன்ற பொதுநலக் காரணம் இருந்தால், வேறு வழி திறந்திருக்கும் வரையில், அரசு அதற்கு வரம்பு கட்டலாம் என்றது. பின்னர் 2022 ஏப்ரலில் ஜெர்மானிய நீதிமன்றம் இறுதி முடிவு கூறியது. வங்கிக் கணக்கு உள்ள அவ்விருவரும் ரொக்கமாகத்தான் தருவோம் என்று வற்புறுத்த முடியாது. ஆனால் கணக்குத் தொடங்கவே இயலாதவர்களுக்கு ரொக்கத்தின் கதவை அடைப்பது சமத்துவத்துக்கு மாறானது என்பது அதன் கருத்து. வழி உள்ளவருக்கும் வழி இல்லாதவருக்கும் இடையே அந்நீதிமன்றம் கண்ட வேறுபாடு நாம் கவனிக்கத்தக்கது.

இனி நமது நாட்டுக்குத் திரும்புவோம். நோட்டு எவ்விடத்திலும் செல்லும் என்று கூறும் 26ஆம் பிரிவு, மறுப்பவருக்கு இன்ன தண்டனை என்று கூறவில்லை. சட்டத்தின் திசை பெரும்பாலும் மறுபக்கமே சென்றிருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்தது. 2019இல் சேர்க்கப்பட்ட மற்றொரு விதி, ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் வியாபாரிகள் யு.பி.ஐ. முதலிய மின்னணு வழிகளை வாடிக்கையாளர்களுக்கு வைத்தே தீர வேண்டும் என்றது. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. அது இல்லாத வண்டி இரட்டிப்புக் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. கறுப்புப் பணத்தைத் தடுப்பதும், வரி ஏய்ப்பைக் குறைப்பதும், வரிசையில் வண்டிகள் காத்துக் கிடப்பதை ஒழிப்பதும் நல்ல நோக்கங்களே. அவற்றில் குறை காண்பதற்கில்லை.

ஆயினும் ரொக்கம் மறைந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. 2016 நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. 2024 மார்ச் முடிவில் அது ஏறத்தாழ 35 லட்சம் கோடி. யு.பி.ஐ. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய அதே ஆண்டுகளில் நோட்டுகளின் மதிப்பும் இரு மடங்கை நெருங்கியிருக்கிறது. மக்கள் இரண்டையும் விரும்புகிறார்கள். மின்சாரம் போனாலும், கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்தாலும், புயல் வெள்ளத்தில் கோபுரங்கள் சாய்ந்தாலும் நோட்டு செல்லும்.

வியாபாரியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர்கள் ஆவோம். சில்லறை தேடுவது, கள்ள நோட்டுக்கு அஞ்சுவது, இரவில் கல்லாவை எண்ணி மறுநாள் வங்கிக்குத் தூக்கிச் செல்வது, வேலையாட்களின் கையாடலைக் கண்காணிப்பது ஆகிய தொல்லைகள் ரொக்கத்தோடு பிறந்தவை. சிறு கடைக்காரர் இவற்றைப் பொறுத்துக்கொண்டு ரொக்கத்தை வரவேற்கிறார். ரொக்கம் வேண்டாம் என்ற பலகையைத் தொங்கவிடுபவை பெரும்பாலும் வசதி மிக்க பெரிய கடைகளே என்பதையும் காண்கிறோம்.

பத்து ரூபாய்க் காசின் கதை இன்னும் விசித்திரமானது. டில்லியிலோ பெங்களூரிலோ தடையின்றிக் கைமாறும் அக்காசை, விடுமுறைக்கு ஊருக்குப் போன நம்மவர் தமிழ்நாட்டின் சில ஊர்களில் நீட்டினால், "இது செல்லாது, வேறு கொடுங்கள்" என்ற பதில் வருகிறது. காசின் வடிவங்கள் பலவாக இருப்பதைக் கண்டு எழுந்த வதந்தியே இதற்குக் காரணம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பில், அதுவரை பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய்க் காசுகள் வெளிவந்திருப்பதாகவும், ரூபாய்க் குறி பொறித்தது, பொறிக்காதது ஆகிய எல்லாமே செல்லத்தக்கவை என்றும் தெளிவாகக் கூறியது. காசை மறுப்பவர் தேசத்துரோகக் குற்றத்துக்கு ஆளாவார் என்று பரவும் செய்தியும் மற்றொரு வதந்தியே. நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் குற்றமாக்குகிறது. வாங்க மறுப்பதற்கென்று அதில் தனித் தண்டனை இல்லை. கடைக்காரர் பயப்படுவது அடுத்தவர் தம்மிடமிருந்து வாங்கமாட்டார் என்பதற்காக. அடுத்தவரும் அவ்வாறே பயப்படுகிறார். எல்லாரும் வாங்கத் தொடங்கிய அன்றே இத்தொல்லை நீங்கிவிடும். தமிழில் "நாணயம்" என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது பொருத்தமானதே. இரண்டும் பிறர் நம்பிக்கையால் செல்லுபடியாகின்றன.

இந்நிலையில் நம்மவர்கள் கடைப்பிடிக்கத்தக்க சில யோசனைகளைக் கூறலாம். உண்பதற்கு முன், முடி திருத்திக்கொள்வதற்கு முன், வண்டியில் ஏறுவதற்கு முன், ரொக்கம் வாங்குவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. முன்னறிவிப்பு இல்லாத இடத்தில் சேவை பெற்ற பிறகு மறுத்தால், உரிய தொகையைச் சாட்சிகளின் முன் நீட்டி, மறுப்பை எழுதித் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிடும். சரியான சில்லறை வைத்திருப்பது வாக்குவாதத்தைக் குறைக்கும். காசுகளையும், அழுக்கடைந்த நோட்டுகளையும், கிழிந்த நோட்டுகளையும் கடைகளில் மாற்ற முயல்வதை விட்டு, வங்கிக் கிளைக்குக் கொண்டுசெல்லுங்கள். கணக்கு இல்லாதவர் என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்படாமல் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். கிளை மறுத்தால் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முப்பது நாளில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு, பக்கத்தில் ரொக்கம் வாங்கும் மருந்துக் கடை, பால் கடை, மளிகைக் கடை எவை என்று முதல் நாளே காட்டி வைப்பது பிள்ளைகளின் கடமை.

நமது நாட்டுக்கும் தனிச் சட்டம் தேவையா என்பது பாராளுமன்றமும் சட்டசபைகளும் ஆராய வேண்டிய பொருள். ஆராயும்போது பிற நாட்டு அனுபவம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. உணவு, மருந்து, பயணம் போன்ற இன்றியமையாத தேவைகளில் ஓர் அளவு வரையிலாவது ரொக்கம் மறுக்கப்படாமல் இருப்பது ஒன்று. பெருந்தொகைக்கும் இரவு நேரத்துக்கும் ஆளில்லா இயந்திரங்களுக்கும் விலக்கு அளிப்பது மற்றொன்று. ரொக்கம் வாங்காத கடை அதனை வாடிக்கையாளர் உள்ளே நுழையுமுன்பே, அந்தந்த வட்டாரத்து மொழியில் தெரியும்படி எழுதி வைப்பது மூன்றாவது. இம்மூன்றினால் வியாபாரத்துக்குப் பெருஞ்சேதம் வாராது. வழியில்லாதவருக்கு ஒரு வழி இருக்கும்.

புதிய முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முதியோரிடமும் தொழிலாளரிடமும் நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால் அவர்களில் பலர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் கற்கும் வரையிலும், கற்க இயலாதவருக்கு எப்போதும், அரசாங்கம் உத்தரவாதம் எழுதி அவர்கள் கையில் கொடுத்திருக்கும் நோட்டு அவர்களைக் கைவிடலாகாது.